பதினேழு வேகத்தடைகளும் ஒரு சிவப்பு வண்டியும்

உங்கள் கைபேசிக்குள் இருநூறு கேள்விகள் இருக்கின்றன. பார்த்தேன். டயரின் வயது, பிரேக் தட்டின் கனம், கதவு மூடும் சத்தம், ஏசி எத்தனை நிமிடத்தில் குளிர்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு டிக். நல்ல பட்டியல்தான். என் காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் நாலைந்து பேரிடம் வாங்கிய திட்டு மிச்சமாகியிருக்கும். ஆனால் அத்தனை கேள்வியும் வண்டியைப் பற்றியே இருக்கிறது. வண்டியைப் பார்க்கப் போகிற ஆளைப் பற்றி ஒன்றுகூட இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

மதுரையில் இருபத்தாறு வருஷம் நான் பார்த்தது நீங்கள் இப்போது பார்க்க வந்திருக்கும் அதே வேலை. பழைய கார் வாங்கப் போகிறவர் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். நான் பார்ப்பேன், தட்டுவேன், மோந்து பார்ப்பேன், அடியில் படுத்து எழுவேன், ஒரு சுற்று ஓட்டுவேன். வாங்கலாம், அல்லது வேண்டாம். அந்த ஒரு சொல்தான் என் சரக்கு. இப்போது ஐம்பத்து மூன்று வயது. முழங்கால் மடங்க மறுக்கிறது. வண்டிக்கு அடியில் போனால் என்னை வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டும். ஆகவே நிறுத்திக்கொண்டேன். நிறுத்தினாலும் தெருவில் ஒரு வண்டி போனால் தலை தானாகத் திரும்புகிறது. கழுத்துக்கு ஓய்வு கொடுக்க யாருக்கும் தெரியவில்லை.

தொழில் நுணுக்கங்களை உங்களுக்குச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நான் ஆரம்பித்த காலத்தில் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு தரகர் இருந்தார். வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் அது நின்ற இடத்தைப் பார்ப்பார். "இஞ்சினைக் கழுவிருவான், தரையைக் கழுவ மறந்துருவான்" என்பார். தரையில் கறுப்பாக ஒரு கறை இருந்தால் திரும்பி வந்துவிடுவார், வண்டியின் கதவைக்கூடத் திறக்க மாட்டார். இதெல்லாம் ஒரே மாதத்தில் படிந்துவிடும். படியாத ஒன்று இருக்கிறது. அதை நான் இருபத்து மூன்றாவது வருஷத்தில் கற்றேன். வெட்கத்தோடு கற்றேன்.

டாக்டர் பிரமிளா என்று ஒருவர். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். ஒரே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை அது. இங்கே ஒரு ஆபரேஷன், அங்கே ஒரு ஆபரேஷன் என்று ஊர் ஊராகப் போகவேண்டும். வாரத்தில் மூன்று நாள் டி. கல்லுப்பட்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வீடு பழங்காநத்தம். தினமும் வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன கார் ஓட்டிப் போவார். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். காரில் போகும்போது அம்மாவிடம் போனில் அந்த மொழியில் ஏதோ சொல்லிச் சிரிப்பார், பிறகு அதே சிரிப்போடு என்னிடம் மதுரைத் தமிழுக்கு வந்துவிடுவார். அந்த வெள்ளை வண்டியை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். ஒன்பது வருஷம் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஒரு ஆவணி மாதம் கூப்பிட்டார்.

"அண்ணே, செக்கானூரணிப் பக்கம் ஒரு வண்டி இருக்காம். ரெண்டு சீட்டு. மேல துணிக்கூரை. பார்த்துச் சொல்லணும்."

"ஞாயித்துக்கிழமைக்கு வச்சுக்கவா மேடம்?"

"இல்லண்ணே. தினமும் ஓட்ட."

தினமுமா என்று இழுத்தேன். அவரே சொன்னார். "இருபது வருஷமா மத்தவங்களத் தூங்க வச்சுட்டு நான் முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். வீட்டுக்குப் போனா வீடு. ஆஸ்பத்திரிக்குப் போனா ஆஸ்பத்திரி. நடுவுல அந்த ரோடு மட்டுந்தான் எனக்கு. அதையும் ஒரு டப்பாக்குள்ள உட்கார்ந்து ஓட்டணுமா?"

வண்டிக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். மாயன். கதிர் அறுக்கிற மெஷின்களை வாடகைக்கு விடுகிறவர். மேற்கே அவர்கள் குடும்பத்துக்கு நிலம் உண்டு. எனக்கும் அவருக்கும் ஒரே வயசு. மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். நானும் பிரமிளாவும் போனபோது அவர் கொட்டகையில் சேறு காய்ந்த இரண்டு மெஷின்களுக்கு நடுவே ஒரு தார்ப்பாய் கிடந்தது. தார்ப்பாயை இழுத்தார்.

சிவப்பு.

நான் அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் உடனே கைபேசியில் தேடி, அதன் குதிரைச் சக்தியைப் பார்த்து, நான் சொல்ல வந்ததை விட்டுவிடுவீர்கள். தரையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. மூக்கு நீளம், பின்பக்கம் சின்னது. அறுவடை மெஷின்களின் தூசிக்கு நடுவே, யாரோ பேசி முடித்த வாக்கியத்தின் கடைசிச் சொல்போல நின்றது.

"பெங்களூர்ல பார்த்தேன், கிறுக்குப் பிடிச்சு வாங்கிட்டேன்" என்றார் மாயன். "வீட்டுக்காரி ஒரு தடவைதேன் ஏறினா. கிணத்துக்குள்ள இறங்குற மாதிரி இருக்குன்னா. கல்யாண மண்டபத்துல இறங்குறப்ப நாலு பொம்பளைங்க பார்த்துச் சிரிச்சுட்டாங்களாம். அம்புட்டுத்தேன். அதுக்கப்புறம் வண்டிப் பேச்சையே எடுக்கக்கூடாதுன்னுட்டா."

பிரமிளா சிரித்தார். சுற்றி வந்து பார்த்தார். தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பார்த்தார்.

நான் ஓட்டினேன். நாகமலை ஓரம் வரை போய்த் திரும்பினேன், பதினோரு கிலோமீட்டர். எவ்வளவு ஓட்டினேன் என்று இன்றும் ஞாபகம் இருப்பதே ஒரு அறிகுறி. நீங்கள் இந்த வேலையில் ஆயிரக்கணக்கான வண்டிகளை ஓட்டப்போகிறீர்கள். எல்லாம் அரை மணி நேரத்துக்கு உங்களுடையது. அரை மணி முடிந்ததும் சாவியை நீட்டிவிட்டு ஸ்கூட்டரில் வீட்டுக்கு வருவீர்கள். பெரும்பாலான வண்டிகளிடம் அது சுலபம். இதனிடம் சுலபமாக இல்லை. ஸ்டியரிங் கையோடு பேசியது. கியர் மாற்றுவதற்கு முன்பே மாற்றச் சொல்லி முதுகெலும்பில் ஒரு தகவல் வந்தது. கூரையை மடித்திருந்தேன். புளியமரத்து நிழல் ஒவ்வொன்றாக என் முகத்தின்மேல் ஏறி இறங்கிப் போனது. இத்தனை வருஷம் ரோட்டை நான் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன் என்பது அப்போது தெரிந்தது.

கொட்டகைக்குத் திரும்பி, இஞ்சினை அணைத்து, இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மாயன் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி சுத்தம். குறை என்று சொன்னால் பின் டயர் இரண்டும் மாற்றவேண்டும், துணிக்கூரையின் ஓரத்தில் ஒரு தையல் விட்டிருந்தது. விபத்துச் சரித்திரம் இல்லை. ஆனால் தினமும் ஓட்டுவதற்கு என்று ஒருவர் கேட்கும்போது வண்டியைப் பார்த்தால் பாதி வேலைதான் முடிந்தது. மீதி வேலை ரோட்டில் கிடக்கிறது. இந்த மாதிரித் தாழ்ந்த வண்டிக்கு நம்ம ஊர் வேகத்தடைதான் எமன்.

அதற்கு நான் ஒரு கருவி செய்து வைத்திருந்தேன். நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று, இரண்டு முனையிலும் வண்டிக்கு ஏற்ப மாற்றுகிற மரக்கட்டை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு நீளம். வண்டியின் வயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம். இதை வேகத்தடையின் மேல், ரோடு போகிற திசையில் வைத்தால், சட்டம் தடையின் முதுகில் தட்டுகிறதா இல்லையா தெரிந்துவிடும். தட்டினால் வண்டியும் தட்டும். பெயிண்ட் அடிக்கிறவர் ஏணியைக் கட்டிப் போவதுபோல ஸ்கூட்டரில் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு போவேன். ஒர்க்ஷாப்பில் அதற்குப் பாடை என்று பேர். "அண்ணன் பாடையோட கிளம்பிட்டாரு, எவன் வண்டிக்குக் காரியமோ" என்பார்கள்.

பழங்காநத்தத்திலிருந்து கல்லுப்பட்டி ஆஸ்பத்திரி வாசல் வரை பாடையோடு போனேன். பெரிய ரோட்டில் தொந்தரவு இல்லை. பிரமிளா பிரிந்து போகும் உள்ரோடுகளில், பள்ளிக்கூட வாசல்களில், ஊர்களுக்குள் நுழையும் இடங்களில், மொத்தம் பதினேழு வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் இறங்கி, வண்டி வராத நேரம் பார்த்து, சட்டத்தை வைத்து, குனிந்து பார்த்து, நோட்டில் எழுதி. திருமங்கலம் தாண்டி ஒரு ஊரில் பெட்டிக்கடை வைத்திருந்த அம்மா எழுந்தே வந்துவிட்டார்.

"ஏப்பா, இந்த மேட்டை எடுக்கப் போறீகளா?"

"இல்லம்மா. சும்மா அளக்கிறேன்."

"அளக்கிறவன்தான் நாளைக்கு எடுக்க வருவான். ரெண்டு ஆட்டை அடிச்சுப் போட்டாய்ங்க இந்த இடத்துல. நாங்களே மண்ணு கொட்டி, நாங்களே தார் ஊத்திப் போட்டது. எடுத்தீகன்னா ரோட்டுல படுத்துருவேன், ஆமா."

"நீங்க படுத்தா இன்னும் உசரமாயிரும்மா. இதுவே தட்டுது."

அவர் சிரிக்கவில்லை. நான் கிளம்பும் வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

பதினேழில் நாலு தட்டியது. அந்த அம்மாவுடையது உட்பட.

பிரமிளாவை மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தேன். பச்சைத் தொப்பி தலையில் இருந்தது. அடுத்த கேஸுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. நோட்டைக் காட்டிச் சொன்னேன்.

"வண்டி தங்கம் மேடம். ஆனா இந்த ரோட்டுக்கு ஆகாது. நாலு இடத்துல வயித்துல அடி வாங்கும். என்னைக்காவது ஒரு நாள் ஆயில் தொட்டி உடைஞ்சு நடுரோட்டுல நின்னுரும். அங்கிட்டு ஒரு பொண்ணு பிரசவத்துக்கு மேஜையில படுத்திருக்கும். நீங்க இங்கிட்டு ரோட்டோரம் நிப்பீங்க. வேணாம்."

எதிர்த்துப் பேசுவார் என்று நினைத்தேன். விவரம் கேட்பார், மெதுவாகப் போனால் என்ன என்பார் என்று நினைத்தேன். அவர் நோட்டில் நாலு இடத்தில் நான் போட்டிருந்த வட்டங்களைப் பார்த்தார்.

"சரிங்கண்ணே" என்றார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

உள்ளே போனார். கதவு ஆடி நின்றது. எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நன்றாகக் கவனியுங்கள், அந்த நிம்மதி வந்தது. வேலை முடிந்த நிம்மதி என்று அதற்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாயன் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா வேணாம்னுட்டாங்க. நீதேன் சொன்னியாமே."

"ஆமா மாப்ள. ரோடு சரியில்ல."

"சரி. அப்ப நீ எடுத்துக்க."

"நானா?"

"நடிக்காத. கொட்டகையில வந்து நிப்பாட்டிட்டு இறங்காம உட்கார்ந்திருந்த பாரு, பொண்ணு பார்க்க வந்தவன் காப்பியைக் குடிச்சு முடிச்சுட்டும் டம்ளரைக் கீழ வைக்காத மாதிரி. அன்னைக்கே தெரியும் எனக்கு. உனக்குன்னா கொறச்சுத் தாரேன். நல்ல கையில போகட்டும்."

யோசிச்சுச் சொல்றேன் என்றேன். அந்த ஒரு வரி போதும், நான் எங்கே போய்விட்டேன் என்று தெரிந்துகொள்ள. நம் தொழிலில் எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. ஒருவருக்கு வேண்டாம் என்று சொன்ன வண்டியை நாம் வாங்கக்கூடாது. வாங்கினால் அதற்குப் பிறகு நாம் சொல்கிற ஒவ்வொரு வேண்டாமுக்கும் ஊர் வேறு அர்த்தம் வைக்கும். இதை நான் மற்றவர்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவன். ஆனால் அன்றைக்கு என் மனசு வக்கீல் வைத்து வாதாடியது. நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே. அளந்தேனே. நாலு தட்டியதே. அவருக்கு ஆகாது, அவ்வளவுதானே. யாருக்கும் ஆகாது என்றா சொன்னேன்?

மூன்று நாள். திருவாதவூர் பக்கம் எனக்கு ஒரு மனை கிடந்தது, அதை விற்றால் முடியும். மூன்று நாளும் சாப்பிடும்போது சிவப்பு, குளிக்கும்போது சிவப்பு. விடிகாலையில் அழகர்கோவில் ரோட்டில் கூரையை மடித்து, மலையைப் பார்த்து, தனியாக. இத்தனை வருஷம் அடுத்தவருக்காகத் தேடிய எனக்கு ஒன்று. நான் ஆசைப்பட்டதே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆசைப்பட நேரம் கிடையாது என்பதுதான் சரி.

நாலாம் நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி செல்வியிடம் விஷயத்தைச் சொன்னேன். மனையை விற்பதையும் சேர்த்து. சண்டை வரும் என்று நினைத்தேன். அவள் ரசத்தை ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் கேட்டாள்.

"அந்த டாக்டருக்கு ஆகாதுன்னு சொன்ன வண்டிதான?"

"ஆமா."

"வேகத்தடையில இடிக்கும்னீங்க."

"ஆமா."

"நம்ம தெருவுலயே ரெண்டு கிடக்கு. போன தடவை தண்ணி லாரியே எகிறிக் குதிச்சுச்சு. அதுல எப்படி ஏத்துவீங்க?"

"அது ஒண்ணும் இல்ல. நேரா ஏத்தாம குறுக்காப் போட்டு ஏத்திட்டா..."

சொன்ன வாய் பாதியில் நின்றது. செல்வி என் முகத்தைப் பார்த்தாள், ரசம் உறைப்பா என்று கேட்டாள்.

தாழ்ந்த வண்டியை வேகத்தடையில் நேராக ஏற்றக்கூடாது. சாய்வாக, மூலைவாக்கில் விடவேண்டும். ஒரு சக்கரம் ஏறும், பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. எந்த நொடியிலும் ஏதாவது ஒரு சக்கரம் தடையின் மேல் நின்று வயிற்றைத் தூக்கிப் பிடித்திருக்கும். இது ஒன்றும் ரகசியம் இல்லை. நானே எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அந்த வருஷம் சித்திரையில்கூட, கல்யாணத்துக்காகத் தாழ்வான கார் வாங்கிய ஒரு மாப்பிள்ளைப் பையனுக்குத் தெருவில் நின்று கையைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தேன். பாடை நேராகக் கடந்தால் என்ன ஆகும் என்று மட்டும்தான் சொல்லும். சாய்த்துக் கடந்தால் என்ன என்று நான் யோசித்திருக்க வேண்டும். வழக்கமாக யோசிப்பேன். பிரமிளாவுக்காக அளந்த அன்று யோசிக்கவில்லை. எனக்கென்று வந்ததும் யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது.

நான் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் பயமான விஷயம். பொய் சொல்கிறவனுக்குத் தான் பொய் சொல்கிறோம் என்றாவது தெரியும். எனக்கு எதுவுமே தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை ஆசை எடுத்து ஒளித்து வைத்திருந்தது, நான் தேடக்கூட இல்லை.

மறுநாள் காலை வெள்ளன மாயன் வீட்டுக்குப் போனேன். "ஒரு காலைக்கு மட்டும் வண்டியக் குடு மாப்ள. கல்லுப்பட்டி வரைக்கும் போயிட்டு வாரேன்."

"போயிட்டு வா, போயிட்டு வா. பழகட்டும்" என்று கண்ணடித்தார்.

அந்தக் காலையைப் பற்றி நான் அதிகம் எழுதக்கூடாது. எழுதினால் இது தொழில் குறிப்பாக இருக்காது. திருமங்கலம் தாண்டியதும் கரிசல் தொடங்குகிறது. மழைக்குக் காத்திருக்கும் கறுப்பு மண், ரோட்டின் இரண்டு பக்கமும், வானம் தொடுகிற இடம் வரைக்கும். கூரை இல்லாததால் வாசம் நேராக வந்தது. ஆட்டுக்கிடை வாசம், ஈர வைக்கோல், எங்கோ டீ கொதிக்கிற வாசம். இஞ்சின் பாடிய பாட்டை நான் இதுவரை வேறு எதிலும் கேட்கவில்லை. முன்னே ரோடு நேராகக் கிடந்தது. நான் எங்கேயும் போய்ச் சேராமல் போய்க்கொண்டே இருக்க விரும்பினேன்.

ஆனால் வேகத்தடைகள் வந்தன. ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றிலும் வண்டியைச் சாய்த்து, மெல்ல, ஒரு சக்கரம், அடுத்த சக்கரம். முன்பு தட்டிய முதல் இடம், தட்டவில்லை. இரண்டாவது, தட்டவில்லை. பெட்டிக்கடை அம்மாவின் மேட்டில் அவர் கண்ணெதிரேயே சாய்ந்து ஏறி இறங்கினேன். என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு. "அளந்தவன் வந்துட்டான்" என்று யாரிடமோ சொன்னார். தட்டவில்லை.

ஒவ்வொரு தடையைத் தாண்டும்போதும் அந்த வண்டி என் கையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. நிறுத்தித் திரும்பியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. பிரமிளா சரி என்று சொல்லி விட்டுவிட்டார். மாயன் தரத் தயார். செல்விகூட ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்தவன் நான் ஒருவன்தான், நானும் மூன்று நாளில் மறந்துவிடுவேன், அந்தத் திறமைதான் எனக்கு இருக்கிறதே. பதினாறாவது தடையைத் தாண்டினேன். பதினேழாவது, ஆஸ்பத்திரிச் சந்துக்குள் இருப்பது, நாலாவதாகத் தட்டிய இடம். சந்து குறுகல். வண்டியைச் சாய்க்க இடமில்லை. மனசு துள்ளியது. நேராக விட்டுப் பார்த்தேன். கர்ர்ர் என்று உரசியது.

சந்தோஷப்பட்டேன். சொல்வதற்கு அசிங்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷப்பட்டேன். ஒரு காரணம் கிடைத்துவிட்டது. பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தேன். சந்தின் முனையில் ஒரு அரிசி ஆலை. அதன் முன்னால் வேப்பமர நிழலில் இரண்டு கார் நிற்கும் அளவுக்கு இடம். வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். அங்கிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு நடந்தால் ஒரு நிமிஷம்.

பிரமிளா ஆபரேஷன் முடிந்து வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வந்தார்.

"என்னண்ணே, இங்க?"

"நான் சொன்னது தப்பு மேடம். அந்த வண்டி உங்களுக்கு ஆகும்." குறுக்காகக் கடப்பதைச் சொன்னேன், அரிசி ஆலையைச் சொன்னேன். "கடைசி ஒண்ணு மட்டும் ஆகாது. அங்கன விட்டுட்டு நடக்கணும்."

"நடக்கத் தெரியும் எனக்கு" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "உங்களுக்கு இது முன்னாடியே தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன ஏன்?"

அவர் பார்வையைத் தவிர்க்க வழி இல்லை. இத்தனை பேரின் நாடியைப் பார்க்கிறவர். "எனக்கு அந்த வண்டி வேணும்னு இருந்துச்சு மேடம். வேணும்னே மறைக்கல. ஆனா மறந்துட்டேன். அம்புட்டு வேணும்னு இருந்துச்சு."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"எங்க அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தப்ப நான் மயக்கம் குடுக்கல" என்றார். "வேற ஒருத்தரக் கூப்பிட்டேன். அக்காவுக்கு ரொம்ப வருத்தம், நீயே இருக்கியே, எதுக்கு வேத்தாளுன்னு. கை நடுங்காதுண்ணே, அதெல்லாம் பழகிப்போச்சு. எந்த இடத்துல கணக்கு தப்பும்னு எனக்கே தெரியாம தப்பும். அந்தப் பயந்தான்." மடியில் இருந்த தொப்பியை மடித்தார். பிறகு, "அம்புட்டு ஆசையா இருந்தா நீங்களே எடுத்துக்கங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். மனசாரச் சொல்றேன்."

மனசாரத்தான் சொன்னார். வெளியே வேப்பமரத்தடியில் அது நின்றுகொண்டிருந்தது. சன்னல் வழியாக அதன் பின்பக்கம் கொஞ்சம் தெரிந்தது. சரி என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சுதான் தேவைப்பட்டது. தொழில் சட்டம் உடையாது, அவரே தருகிறார். யாரும் குறை சொல்ல முடியாது.

"வேணாம் மேடம்" என்றேன். "நாளைக்கு இன்னொருத்தருக்கு ஒரு வண்டி ஆகாதுன்னு சொல்றப்ப, எனக்கே சந்தேகம் வரும். நெசமா ஆகாதா, இல்ல எனக்கு வேணுமான்னு. அப்புறம் நான் எதை வச்சுப் பொழைக்கிறது?"

சாவியை அவரிடம் கொடுத்தேன். "மாயன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். உங்க வெள்ளை வண்டி இன்னைக்கு இங்கயே நிக்கட்டும், திரும்பிப் போறப்ப இதை நீங்க ஓட்டுங்க. குறுக்காப் போடறதை நான் பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தாரேன்."

மாயன் அன்று சாயங்காலம் என்னைப் பைத்தியக்காரன் என்றார். "டம்ளரைக் கீழ வச்சுட்ட மாப்ள நீ" என்றார். வச்சுட்டேன் என்றேன்.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வண்டிமேல் ஆசை வரும். வரவில்லையென்றால் இந்த வேலைக்கு நீங்கள் லாயக்கில்லை. வரும்போது அதை மறைக்காதீர்கள், முதலில் உங்களிடமிருந்து மறைக்காதீர்கள். வாங்க வந்தவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், "எனக்கு இந்த வண்டி பிடிச்சிருக்கு, இன்னொருத்தரையும் கூப்பிட்டுப் பாருங்க" என்று. ஒரு வாடிக்கையாளர் போவார். போகட்டும். அதோடு, வேண்டாம் என்று சொன்ன பிறகு உங்களுக்கு நிம்மதி வந்தால், வீட்டுக்குப் போகாதீர்கள். திரும்பிப் போய் அளங்கள்.

இப்போது நான் திருமங்கலத்தில் என் மகள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போகிறேன். பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. அதன் முன்னால் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருக்கிறார்கள், பதினெட்டாவது. அது என் நோட்டில் இல்லை. போன மாதம் ஒரு புதன்கிழமை, டம்ளரோடு நின்றிருந்தபோது இஞ்சின் சத்தம் முதலில் வந்தது. காதுக்கு அந்தப் பாட்டு மறக்கவில்லை. கூரையை மடித்து, தலையில் துணி கட்டி, பிரமிளா வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவிடம் பேசிக்கொண்டு வந்தாரோ என்னவோ, உதடு அசைந்தது. பின்னால் ஒரு மினி பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அவர் அவசரப்படவில்லை. வேகத்தைக் குறைத்து, ரோட்டை முழுசாக எடுத்துக்கொண்டு, வண்டியை மூலைவாக்கில் சாய்த்தார். ஒரு சக்கரம் ஏறியது.

அந்த நொடியில், உரசட்டும் என்று நினைத்தேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இரண்டாவது சக்கரம். மூன்றாவது. நாலாவது இறங்கி, சிவப்பு நிமிர்ந்து, கல்லுப்பட்டிப் பக்கம் போய்விட்டது. உரசவில்லை. துளிகூட உரசவில்லை. நல்லாச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.